தொலைபேசிக் கம்பி இணையம் தடுமாறுகிறதா? ரவுட்டரிலேயே செய்யக்கூடிய சீரமைப்பு

இரவு எட்டு மணி. கூடத்தில் பாட்டி, சிங்கப்பூரில் வேலை செய்யும் பேரனுடன் காணொலி அழைப்பில் பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று பேரனின் முகம் அசையாமல் நின்றுவிடுகிறது. குரல் துண்டு துண்டாக வருகிறது. அறைக்குள் மேசைமேல் கிடக்கும் இன்னொரு கைத்தொலைபேசி, அன்று எடுத்த கோயில் திருவிழாப் படங்களை யாரும் சொல்லாமலேயே இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் ‘லைன் ஸ்லோ’ என்று சொல்லி ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள். சிறிது நேரம் சரியாகிறது. பிறகு மீண்டும் அதே கதை.

தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் பெறும் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. இதற்குப் பெரும்பாலும் வேகக் குறைவை மட்டுமே காரணமாகச் சொல்வார்கள். ஆனால், அழைப்பைக் கெடுப்பது பல வேளைகளில் மோடமுக்குள் தேங்கி நிற்கும் வரிசை. அந்த வரிசையைக் குறைக்கப் புதிய இணைப்பு வேண்டியதில்லை. ரவுட்டரில் உள்ள போக்குவரத்துச் சீரமைப்பு வசதியைச் சரியான எண்ணில் வைத்தாலே போதும்.

கம்பியின் கதை

மலேசியாவில் டி.எம். நிறுவனத்தின் ஸ்திரீமிக்ஸ் சேவை 2001ஆம் ஆண்டு அறிமுகமானது. ஏ.டி.எஸ்.எல். தொழில்நுட்பத்தில், வீட்டுத் தொலைபேசியின் செப்புக் கம்பியிலேயே இணையமும் வந்தது. 2010 மார்ச் மாதம் யூனிஃபை கண்ணாடி இழைச் சேவை தொடங்கியது. அதன்பின் நகர்ப்புறத் தாமான்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடி இழைக்கு மாறின. தோட்டப்புறங்களிலும் சிறுநகரங்களிலும் செப்புக் கம்பி அதன் பிறகும் நெடுநாள் நீடித்தது. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கட்டடம் வரை கண்ணாடி இழையும் அங்கிருந்து வீடு வரை வி.டி.எஸ்.எல். எனும் செப்புக் கம்பியும் உள்ளன.

செப்புக் கம்பியில் தூரம்தான் முதல் எதிரி. ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் தரத்தில், தொலைபேசி நிலையத்துக்கு அருகில் உள்ள வீட்டுக்கு நொடிக்கு 24 மெகாபிட் வரை பதிவிறக்க வேகம் கிடைக்கலாம். 4, 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லயத்து வீட்டுக்கு ஓரிரு மெகாபிட்தான் மிஞ்சும். இந்தத் தொழில்நுட்பத்தில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிட மிகக் குறைவு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, வகுப்புகள் இயங்கலைக்கு வந்தபோது பல குடும்பங்கள் உணர்ந்தது இதைத்தான். பாடத்தைப் பார்க்க முடிந்தது; பிள்ளை பதில் சொன்னபோது அது ஆசிரியரைச் சென்றடையவில்லை.

மோடமுக்குள் என்ன நடக்கிறது?

தோட்டத்து ஒற்றைப் பாலத்தை நினைத்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். செம்பனைக் குலை ஏற்றிய இருபது லாரிகள் முன்னால் நின்றால், மருந்து வாங்கப் புறப்பட்ட மோட்டார் சைக்கிளும் அவற்றின் பின்னால்தான் காத்திருக்க வேண்டும். பாலம் பழுதாகவில்லை, மோட்டார் சைக்கிளுக்கு அதிக இடமும் தேவையில்லை. ஆனாலும், அது நேரத்துக்குப் போய்ச் சேராது.

படங்களின் பதிவேற்றம் அந்த லாரி வரிசை. காணொலி அழைப்பின் குரல் அந்த மோட்டார் சைக்கிள். மோடமில் பஃபர் எனப்படும் தற்காலிக நினைவகம் உண்டு. அனுப்ப முடியாத தரவு அங்கே காத்திருக்கும். நொடிக்கு 1 மெகாபிட் பதிவேற்ற வேகமுள்ள வீட்டில், 256 கிலோபைட் அளவுள்ள பஃபர் நிறைந்துவிட்டால் அது காலியாக 2 வினாடிக்கு மேல் ஆகும். அதாவது பாட்டியின் ஒவ்வொரு சொல்லும் 2 வினாடி தாமதமாகத்தான் வீட்டை விட்டே வெளியேறும். குரல் உரையாடல் இயல்பாக இருக்க, ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது.

இந்தத் தேக்கத்துக்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர். 2010ஆம் ஆண்டு வாக்கில், தம் வீட்டு இணையம் தடுமாறியதை ஆராய்ந்த ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கக் கணினி வல்லுநர் இதைப் பரவலாகக் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

பதிவேற்றம் நிறைந்தால் பதிவிறக்கமும் தளர்ந்துவிடும். ஒரு கோப்பு இறங்கும்போது ‘வந்து சேர்ந்தது’ என்ற சிறு ஒப்புதல் செய்திகள் திரும்பிச் சென்றுகொண்டே இருக்க வேண்டும். அவை வரிசையில் மாட்டிக்கொண்டால், மறுமுனை அடுத்த பகுதியை அனுப்பத் தயங்கும். படம் பார்ப்பவருக்கும் இணையம் நின்றதுபோல் தோன்றுவது இதனால்தான்.

சீரமைப்பு என்ன செய்கிறது?

மோடமின் வரிசையை நம்மால் ஒழுங்குபடுத்த முடியாது. ஆனால், அதற்கு முன்னால் நிற்கும் ரவுட்டரை ஒழுங்குபடுத்தலாம். கம்பி தாங்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே ரவுட்டர் தரவை அனுப்பினால், மோடமில் வரிசை உருவாகாது. வரிசை ரவுட்டருக்கு இடம் மாறிவிடும். அங்கே மோட்டார் சைக்கிளை முன்னால் விட வழி உண்டு.

இதற்கென எழுதப்பட்ட நல்ல முறைகள் இரண்டு. ஒன்று ‘எஃப்கியூ கோடல்’. ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை போட்டு, எல்லாருக்கும் முறை வைத்து அனுப்பும். வரிசையில் நெடுநேரம் நிற்கும் தரவைக் கைவிட்டு, அனுப்புநரை வேகம் குறைக்கச் செய்யும். இதன் அடித்தளமான ‘கோடல்’ முறையைக் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012இல் வெளியிட்டனர். மற்றொன்று ‘கேக்’. இது 2018இல் லினக்ஸ் 4.19 பதிப்பில் சேர்க்கப்பட்டது. ‘ஓபன்டபிள்யூஆர்டி’ என்ற இலவச மென்பொருள் ஏற்றிய ரவுட்டர்களில், ‘எஸ்கியூஎம்’ என்ற பகுதியில் இவ்விரண்டும் கிடைக்கும். கடையில் வாங்கும் பல ரவுட்டர்களில் ‘கியூஓஎஸ்’ அல்லது ‘பேண்ட்வித் கன்ட்ரோல்’ என்ற பெயரில் எளிய சீரமைப்பு வசதி இருக்கும்.

முதலில் அளந்து பார்க்க வேண்டும்

மாற்றம் செய்வதற்கு முன் நோய் இதுதானா என்று உறுதிப்படுத்த வேண்டும். ஒரு கணினியைக் கம்பி மூலம் ரவுட்டருடன் இணைத்து, மற்றக் கருவிகளை நிறுத்திவிட வேண்டும். வைஃபையில் அளந்தால், சுவரும் பக்கத்து வீட்டு அலையும் சேர்ந்து கணக்கைக் குழப்பும்.

கணினியின் கட்டளைத் திரையில் ‘பிங்’ கட்டளையை 8.8.8.8 என்ற முகவரிக்கு ஓடவிட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் எத்தனை மில்லிவினாடி என்று வரும். அதைக் குறித்துக்கொண்டு, ஒரு பெரிய காணொலியை இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்க வேண்டும். 30, 40 என்றிருந்த எண் 500, 1000 என்று ஏறினால், வரிசைதான் சிக்கல். எண் ஏறாமல் பதிலே விட்டுவிட்டு வந்தால், கம்பியில் பழுது இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, மோடமின் நிலைப் பக்கத்தைத் திறக்க வேண்டும். பல மோடம்களில் அதன் முகவரி 192.168.1.1. அங்கே கம்பியின் இணைப்பு வேகம் கிலோபிட்டில் பதிவாகியிருக்கும். விளம்பரத்தில் சொன்ன வேகம் வேறு, இந்த எண் வேறு. சீரமைப்புக்கு இந்த எண்தான் அடிப்படை.

எந்த எண்ணை வைப்பது?

ஏ.டி.எஸ்.எல். இணைப்பில் ஒரு மறைவான செலவு இருக்கிறது. தரவு 53 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகத்தான் கம்பியில் போகும். அவற்றில் 48 பைட்தான் சரக்கு. 5 பைட் முகவரிச் சீட்டு. கடைசிப் பொட்டலம் நிறையாவிட்டாலும் முழு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றத் தலைப்புச் செலவாக 44 பைட் சேர்த்துக் கணக்கிட்டால், 1500 பைட் தரவு 33 பொட்டலங்களாகி, 1749 பைட் இடத்தை அடைக்கிறது. ஆகவே, இணைப்பு வேகம் 1000 கிலோபிட் என்று மோடம் காட்டினாலும், நமக்குக் கிடைப்பது சுமார் 858தான். ரவுட்டரில் 900 என்று வைத்துவிட்டு ‘பயனில்லை’ என்று கைவிட்டவர்கள் சறுக்கியது இங்கேதான்.

எளிய ரவுட்டரில் இந்தக் கணக்கைச் சொல்ல வழியில்லை என்றால், இணைப்பு வேகத்தில் 80 விழுக்காட்டில் தொடங்கலாம். மோடம் பதிவிறக்கம் 8000, பதிவேற்றம் 1000 என்று காட்டினால், ரவுட்டரில் 6400, 800 என்று வைக்க வேண்டும். ‘எஸ்கியூஎம்’ உள்ள ரவுட்டரில், இணைப்பு வகையை ‘ஏ.டி.எம்.’ என்றும் கூடுதல் செலவை 44 என்றும் குறிப்பிட்டுவிட்டால், பதிவேற்றத்தை 95 விழுக்காடு வரையும் பதிவிறக்கத்தை 90 விழுக்காடு வரையும் உயர்த்திப் பார்க்கலாம். வி.டி.எஸ்.எல். இணைப்பில் இந்தச் சிறு பொட்டல முறை பொதுவாக இல்லை; அங்கே ‘ஈதர்நெட்’ வகையும் 34 பைட்டும் போதும்.

பதிவேற்றத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நோய் அங்கேதான். பதிவிறக்கத்தின் வரிசை நிற்பது சேவை நிறுவனத்தின் கருவியில். அதை நம் ரவுட்டர் நேரடியாகத் தொட முடியாது. சற்றுக் குறைவாகவே வாங்குவதன் மூலம் அனுப்புநரை நிதானப்படுத்த மட்டுமே முடியும். அதனால்தான் பதிவிறக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது.

எண்ணை வைத்தபின், அதே பிங் சோதனையைப் பதிவேற்றத்துடன் மீண்டும் செய்ய வேண்டும். தாமதம் கட்டுக்குள் இருந்தால், எண்ணை 5 விழுக்காடாக உயர்த்தலாம். தாமதம் துள்ளும் இடத்தில் ஒரு படி இறங்கி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எதை இழக்கிறோம்?

கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும். சீரமைப்பு வேகத்தைக் கூட்டாது; கொஞ்சம் குறைக்கும். நமக்குக் கிடைக்கும் 858 கிலோபிட்டில் 4 மெகாபைட் படம் ஒன்று ஏற 37 வினாடி ஆனால், 800இல் வைத்தபின் 40 வினாடி ஆகும். நூறு படங்களுக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் கூடுதல். அதற்கு ஈடாக, அந்த ஒரு மணி நேரமும் வீட்டில் மற்றவர்கள் பேசலாம், படிக்கலாம். படங்கள் ஐந்து நிமிடம் தாமதமாக ஏறுவதை யாரும் கவனிக்கப்போவதில்லை.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

• சேவை நிறுவனம் தந்த மோடமும் கடையில் வாங்கிய ரவுட்டரும் தனித்தனியே வைஃபை கொடுப்பது. மோடமின் வைஃபையில் சேர்ந்த கைத்தொலைபேசி, சீரமைப்புக்கு உட்படாமல் நேராகப் போய்விடும். மோடமின் வைஃபையை அணைத்துவிட்டு, எல்லாக் கருவிகளையும் ரவுட்டருக்கு மாற்ற வேண்டும்.

• எல்லாக் கருவிகளுக்கும் முதல் முன்னுரிமை தருவது. எல்லாரும் முதலாவது என்றால் யாரும் முதலாவது அல்ல. பழைய முறை ரவுட்டர்களில் குரல், காணொலி அழைப்புக்கு முன்னிடமும், கோப்புச் சேமிப்புக்குக் கடைசி இடமும் தந்தால் போதும்.

• மறைந்திருக்கும் பதிவேற்றத்தை மறப்பது. கைத்தொலைபேசியின் படச் சேமிப்பும், இணையத்துக்குப் பதிவை அனுப்பும் கண்காணிப்புக் கேமராவும் நாள் முழுவதும் கம்பியை நிறைக்கக்கூடியவை.

• மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பைப் படம் எடுக்காமல் விடுவது. இணைப்புப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தொடவே கூடாது. ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டால், அவற்றை மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும்.

எங்கே இது உதவாது?

கம்பியே கெட்டிருந்தால், ரவுட்டர் எண் எதையும் சரிசெய்யாது. மழைக்குப் பின் இணைப்பு அறுந்து அறுந்து வருவதும், தொலைபேசியில் இரைச்சல் கேட்பதும் இணைப்பு முனையில் ஈரம் இறங்கியதற்கு அடையாளம். அப்போது இணைப்பு வேகம் 1000இலிருந்து 700க்கு இறங்கியிருந்தால், ரவுட்டரில் வைத்த 800 பயனற்றுப் போகும். வரிசை மீண்டும் மோடமுக்கே திரும்பிவிடும். சீரமைப்பு நேற்று வேலை செய்து இன்று செய்யவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது மோடமின் நிலைப் பக்கத்தைத்தான்.

வீட்டுக்குள் செய்யக்கூடியதும் உண்டு. தொலைபேசி பொருத்திய ஒவ்வொரு முனையிலும் வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்கலாம். மோடமை நீட்டிப்புக் கம்பி இல்லாமல் முதல் முனையிலேயே பொருத்திப் பார்க்கலாம். அதன்பின்னும் வேகம் இறங்கினால், சேவை நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டும். ‘லைன் ஸ்லோ’ என்று மட்டும் சொல்லாமல், எந்த நாளில், எத்தனை மணிக்கு, இணைப்பு வேகம் எவ்வளவு, பிங் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிவைத்துச் சொன்னால், அந்தப் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால், அதே தாளுடன் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம்.

கண்ணாடி இழை வந்து சேரும்வரை, வீட்டுக்கு வரும் கம்பி அதேதான். அதன் தூரமும் அதேதான். ஆனால், அந்தக் கம்பியில் யார் முதலில் போவது என்பதை வீட்டில் உள்ளவர்களே முடிவு செய்யலாம். திருவிழாப் படங்கள் சற்றுப் பொறுக்கட்டும். பாட்டியின் அழைப்பு முதலில் போகட்டும்.