பிஸ்மார்க் போட்ட முடிச்சும் பெர்லின் வங்கி அவிழ்த்ததும்

1877 ஜூன் மாதம். மருத்துவ ஊற்றுகளுக்குப் பேர்போன கிஸ்ஸிங்கன் நகரில் ஓய்வில் இருந்த ஜெர்மானிய சான்சலர் பிஸ்மார்க், ஒரு குறிப்பைச் சொல்லி எழுதவைத்தார். ஜெர்மனிக்கு இனி புதிய நிலப்பரப்பு எதுவும் வேண்டாம். பிரான்ஸைத் தவிர மற்ற எல்லா வல்லரசுகளுக்கும் நம் தயவு தேவைப்பட வேண்டும். அவை நமக்கு எதிராகக் கைகோக்க முடியாதபடி அவற்றுக்குள் உள்ள பகைகளே தடுக்க வேண்டும். அந்தக் குறிப்பின் சாரம் இதுதான். அடுத்த 13 ஆண்டுகள் பெர்லினின் வெளியுறவுக் கொள்கை இதைச் சுற்றியே நகர்ந்தது.

இப்படி ஓர் அச்சம் அவருக்கு வரக் காரணம் உண்டு. 1870-71 போரில் பிரான்ஸை வீழ்த்திய ஜெர்மனி, 500 கோடி பிராங்க் இழப்பீட்டோடு நிற்கவில்லை. அல்சாஸையும் லொரைனின் ஒரு பகுதியையும் பறித்துக்கொண்டது. இழப்பீட்டுப் பணத்தை பிரான்ஸ் 1873க்குள் கட்டி முடித்தது. மண் போனதை மட்டும் அது மறக்கவே இல்லை. பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, ஆஸ்திரியா-ஹங்கேரி, ஜெர்மனி என ஐந்து வல்லரசுகள் இருந்த ஐரோப்பாவில், ஒன்றோடு சமாதானம் ஆகும் வழியை ஜெர்மனி தானே அடைத்துக்கொண்டது. மிச்சமிருந்த மூன்றை வைத்துத்தான் பிஸ்மார்க் ஆட வேண்டியிருந்தது.

ஆடினார். 1879இல் ஆஸ்திரியாவோடு இரகசிய ஒப்பந்தம். பேரரசர் முதலாம் வில்ஹெல்முக்கு அது பிடிக்கவில்லை. பதவி விலகுவேன் என்று மிரட்டித்தான் பிஸ்மார்க் கையெழுத்து வாங்கினார். 1881இல் ரஷ்யாவையும் சேர்த்து மூன்று பேரரசர்களின் உடன்பாடு. 1882இல் இத்தாலியோடும் ஒப்பந்தம்.

ஆனால் பல்கேரியா யார் செல்வாக்கில் இருப்பது என்ற சண்டையில் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் முட்டிக்கொண்டதும் பேரரசர்களின் உடன்பாடு சிதறியது. 1887 ஜூன் 18 அன்று பிஸ்மார்க் ரஷ்யாவோடு மட்டும் தனியாக ஓர் ஒப்பந்தம் செய்தார். வரலாற்றாசிரியர்கள் அதை 'மறுகாப்பு ஒப்பந்தம்' என்பார்கள். ஒருவர் போரில் இறங்கினால் மற்றவர் நடுநிலை வகிக்க வேண்டும். ஜெர்மனி பிரான்ஸைத் தாக்கினாலோ, ரஷ்யா ஆஸ்திரியாவைத் தாக்கினாலோ இது பொருந்தாது. காலக்கெடு மூன்றே ஆண்டு. கருங்கடல் வாயிலில் ரஷ்யா எடுக்கும் நடவடிக்கைக்கு ஆதரவு உண்டு என்று இரகசியப் பின்னிணைப்பு வேறு. அதே ஆண்டில், அதே வாயிலில் ரஷ்யாவை மறிக்கக்கூடிய பிரிட்டன்-ஆஸ்திரியா-இத்தாலி உடன்பாடுகளையும் அவர் பின்னாலிருந்து ஊக்குவித்தார்!

இதை வெறும் வஞ்சகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ரஷ்யாவுக்கு உரிமையை ஒப்புக்கொண்டு, அதைப் பயன்படுத்தும் வாய்ப்பைப் பிறர் கையால் தடுத்து, ஆஸ்திரியாவோடு போர் மூளாமல் அவர் பார்த்துக்கொண்டார். நான்கு தலைநகரங்களும் பெர்லினின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிழை நடந்தது வேறு இடத்தில். கையெழுத்தான ஐந்தே மாதத்தில், 1887 நவம்பரில், ரஷ்ய அரசின் கடன்பத்திரங்களை ஈடாக ஏற்று இனிப் பணம் தரக்கூடாது என்று ஜெர்மானிய அரசு வங்கிக்கு உத்தரவு போனது. மேற்கு எல்லை மாகாணங்களில் வெளிநாட்டார் நிலம் வைத்திருக்க ரஷ்யா விதித்த தடைக்கு இது பதிலடி. ஜெர்மனியின் பெருநிலக்கிழார்களை மனங்குளிர வைக்க ரஷ்யத் தானியத்துக்கு இறக்குமதி வரியும் ஏற்கெனவே ஏறியிருந்தது. ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தர் பெர்லினுக்கு வரவிருந்த வேளையில் இந்த உத்தரவு. ரஷ்யப் பத்திரங்கள் பெர்லின் சந்தையில் விலை சரிந்தன. இரயில் பாதைக்கும் படைக்கும் பணம் தேடிய ரஷ்யா பாரிஸின் கதவைத் தட்டியது. 1888 இறுதியில் 50 கோடி பிராங்க் கடன் கிடைத்தது. அடுத்தடுத்த கடன்களும் அங்கேயே திரண்டன.

1890 மார்ச்சில் பிஸ்மார்க் பதவி இழந்தார். ரஷ்ய வெளியுறவு அமைச்சர் கீர்ஸ், இரகசியப் பின்னிணைப்பே வேண்டாம், ஒப்பந்தத்தை நீட்டித்தால் போதும் என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். புதிய சான்சலர் காப்ரிவி மறுத்துவிட்டார். ஒப்பந்தம் வெளியே தெரிந்தால் ஆஸ்திரியாவின் நம்பிக்கை போய்விடும் என்பது அவருடைய அதிகாரிகளின் வாதம். அதில் நேர்மை இருந்தது. ரஷ்யா அடுத்து எங்கே போகும் என்ற கணக்குத்தான் இல்லை. பின்னர் உருவான பிரான்ஸ்-ரஷ்யக் கூட்டுக்கான பழியைப் பல நூல்கள் இந்த மறுப்பின் மேலேயே போடுகின்றன. ஆனால் பாரிஸுக்கான பாதையை வெட்டிக் கொடுத்தது பிஸ்மார்க் காலத்து வங்கி உத்தரவு. தூதர்கள் மேசையில் ரஷ்யாவை அணைத்துக்கொண்டே, பணச் சந்தையிலும் தானியச் சந்தையிலும் அதைத் துரத்தியது ஒரே அரசுதான்.

1891 ஜூலையில் பிரெஞ்சுக் கடற்படை க்ரோன்ஷ்டாட் துறைமுகத்துக்கு வந்தது. முடியாட்சியின் பிடிவாதக் காவலரான அலெக்சாந்தர், புரட்சியில் பிறந்த பிரெஞ்சு தேசிய கீதத்துக்குத் தொப்பியைக் கழற்றி நின்றார். மறு ஆண்டு இரு நாட்டுத் தளபதிகளும் எழுதிய படை உடன்பாடு 1894 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனிக்கு எதிராக பிரான்ஸ் 13 லட்சம் வீரர்களையும், ரஷ்யா 7 முதல் 8 லட்சம் வீரர்களையும் இறக்க வேண்டும் என்று அது வகுத்தது. ஜெர்மனி கிழக்கிலும் மேற்கிலும் ஒரே நேரத்தில் போரிட வேண்டிய நிலை வரும்படி இரு படைகளும் விரைந்து இறங்க வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தது.

(தொடரும்)