செக்ரோலிலிருந்து நீங்கிய பெயர்கள்

மலேசியத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் 1969ஆம் ஆண்டு குடியுரிமைச் சிக்கலின் ஆண்டாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோர் வேலை அனுமதி பெற வேண்டுமென விதித்ததும், அதனையொட்டி ஏறத்தாழ 60,000 இந்தியர் தாயகம் திரும்பியதும் பலரும் அறிந்த செய்திகள். திரும்பாது தங்கியோரின் நிலை அவ்வளவு கவனம் பெறவில்லை.

அனுமதி கிட்டாதோர் பலர் குத்தகையாளரை நாடினர். தோட்டத்தின் நிரந்தரத் தொழிலாளியாக மரம் வெட்டியவர், அதே தோட்டத்தில் குத்தகையாளரின் ஆளாக வெட்டலானார். மரமும் நிரையும் பழையனவே. மாறியது செக்ரோல் எனப்படும் பெயர்ப் பதிவேடு. பின்னர்க் களையெடுப்பு, மறுநடவு முதலிய வேலைகளிலும் இம்முறை பரவியபோது குடியுரிமை பெற்றோரும் அதனுள் வந்தனர்.

அப்பதிவேட்டின் மதிப்பு சிறிதன்று. 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கும், தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் தரும் பயன்களும் நடைமுறையில் அதனைச் சார்ந்தே கிட்டின. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க நட்டஈட்டு விதிகளின்படி, ஐந்தாண்டுக்குக் குறையாது பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் ஊதியம் உரியது. 25 ஆண்டுகள் தொடர்ந்து உழைத்தவருக்கு அது 500 நாள் ஊதியமாகும். இடையில் குத்தகைக்கு மாறியவருக்கோ அத்தொடர்ச்சியை மெய்ப்பிப்பதே வழக்காகிவிடும்.

குத்தகையாளரைப் பழைய கங்காணியின் மறுவடிவம் என்பாருண்டு. இவ்வொப்பீடு முழுதும் பொருந்தாது. கங்காணி கொணர்ந்த ஆள் தோட்டத்தின் ஆளாகவே பதிவுற்றார். குத்தகையாளரோ தொழிலாளிக்கும் தோட்டத்துக்கும் இடையே சட்டத்தின் முன் ஒரு தனி முதலாளியாக நின்றார். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 33ஆம் பிரிவில், குத்தகையாளர் தரத் தவறிய ஊதியத்திற்குத் தலைமை முதலாளியையும் பொறுப்பாக்கியது உண்மையே. ஆயினும் அப்பொறுப்பு தொடர்ச்சியான மூன்று மாத ஊதியத்தோடு முடிந்தது. சேவைக்காலத்தை அது தொடவில்லை.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி 101சி பிரிவு சேர்க்கப்பட்டு, 2023 சனவரி முதல் நடப்புக்கு வந்தது. எழுத்துவடிவ வேலை ஒப்பந்தம் இல்லாதவிடத்து, வேலை நேரத்தையும் முறையையும் கட்டுப்படுத்துபவர் யார், கருவிகளைத் தருபவர் யார் என்பன போன்றவற்றைக் கொண்டு ஒருவரைத் தொழிலாளி எனக் கருத அது இடமளிக்கிறது. ஏட்டிலுள்ள பெயரைவிட வேலையின் இயல்பை நோக்கும் இவ்வளவுகோல், தோட்டங்களில் குத்தகைமுறை வேரூன்றி அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே சட்டத்தில் எழுதப்பட்டது. 1970களில் துண்டுபட்ட சேவைக்காலங்கள் அதனுள் அடங்கா.