பதினெட்டு அங்குலம்

இருப்புப்பாதை வரலாறு என்றதும் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் பற்றிய சண்டைகளே நம் நினைவுக்கு வருகின்றன. அகலப்பாதை, மீட்டர்பாதை என்னும் சொற்கள் நமக்குப் பழகியவை. அதிகம் பேசப்படாத வேறோர் அளவும் உண்டு. வண்டி எவ்வளவு அகலமாகவும் உயரமாகவும் இருக்கலாம் என்று வகுக்கும் எல்லைக்கோடு அது. 'லோடிங் கேஜ்' என்பர். பாலம், நடைமேடை, சுரங்கப்பாதை ஆகியவற்றுள் எது மிக இடுக்கானதோ, அதுவே அவ்வழியே செல்லும் எல்லா வண்டிகளின் உருவத்தையும் தீர்மானித்துவிடுகிறது.

இங்கிலாந்தின் தென்கிழக்கில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரையும் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையையும் இணைக்கும் பாதை இதற்குச் சரியான சான்று. 1066ஆம் ஆண்டுப் போர் நடந்த இடத்தில் எழுந்து, 'பேட்டில்' என்றே பெயர் பெற்ற ஊரின் வழியாக அது செல்கிறது. சவுத் ஈஸ்டர்ன் ரயில்வே நிறுவனம் 1851இலும் 1852இலும் பகுதி பகுதியாக அதைத் திறந்தது. குன்றுகள் நிறைந்த நிலம். எனவே சுரங்கப்பாதைகள் பல. அவற்றைக் குடைந்து செங்கல் பூசும் வேலை ஒப்பந்தக்காரர்களிடம் விடப்பட்டிருந்தது.

1855 மார்ச்சில் மவுண்ட்ஃபீல்ட் சுரங்கப்பாதையின் செங்கற்சுவரில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆறு அடுக்குச் செங்கல் வளையம் என்று கணக்கெழுதிப் பணம் பெற்றவர்கள் நான்கு அடுக்கே கட்டியிருந்தனர். குரோவ் ஹில் சுரங்கப்பாதையில் இருந்தது ஒரே அடுக்கு. அதன் உச்சிக்கு மேல் இருந்த வெற்றிடத்தை நிரப்பவும் இல்லை. 1862இல் வாட்ஹர்ஸ்ட் சுரங்கப்பாதையும் சரிந்தது.

நிறுவனம் வழக்குத் தொடுத்து 3,500 பவுன் இழப்பீடு பெற்றது. பழுது பார்க்க ஆன செலவோ 4,700 பவுன். மறுபடி அகலமாகக் குடைவது கட்டுப்படியாகாது என்று, விடுபட்ட இரண்டு அடுக்குகளையும் உட்புறமாகவே வைத்துக் கட்டினர். ஓர் அடுக்கு நாலரை அங்குலம். இரண்டு அடுக்கு ஒன்பது. இரு பக்கமும் சேர்த்துப் பதினெட்டு அங்குலம். சுரங்கப்பாதை அவ்வளவு குறுகிப்போயிற்று. உள்ளே அருகருகே இரண்டு தண்டவாளப் பாதைகள் இருந்தன. ஆகவே மற்ற பாதைகளின் பெட்டிகள் இங்கே நுழைய முடியவில்லை. இப்பாதைக்கென்றே ஒடுங்கிய பெட்டிகள் செய்ய வேண்டியதாயிற்று. நீதிமன்றம் வழங்கிய அந்த 3,500 பவுனில் இந்தச் செலவுக்கு இடமேது?

ரயில் ஆர்வலர்கள் இப்பாதையைப் போற்றுவது வேறொரு காரணத்துக்காக. மான்செல் என்ற பொறியாளர் வடிவமைத்த 'ஸ்கூல்ஸ்' வகை நீராவி எஞ்சின்கள் 1930 முதல் 1935 வரை நாற்பது கட்டப்பட்டன. ஈட்டன், ஹாரோ, வின்செஸ்டர் எனப் புகழ்பெற்ற பள்ளிகளின் பெயர்களைத் தாங்கியவை அவை. ஓட்டுநர் அறையின் பக்கங்கள் மேலே செல்லச் செல்ல உட்புறம் சாயும். இடுக்கில் அடங்கியும் வலிமை குன்றாத எஞ்சின் அது. ஈற்றடி முச்சீரில் முடிந்தாக வேண்டும் என்ற வெண்பா விதிக்குள் நின்றே நல்ல புலவன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவதை வகுப்பில் நாம் வியந்து பேசுவதில்லையா, அதுபோல. ஆனால் வெண்பாவின் விதியை எவரும் செங்கல் திருடி உண்டாக்கவில்லை. மான்செலின் திறமையைப் புகழும் கட்டுரைகள் அந்தத் திருட்டை ஒரு வரியில் கடந்துவிடுவது நமக்கு உவப்பாக இல்லை.

1957இல் டீசல் வண்டிகள் வந்தன. அவையும் இப்பாதைக்கென்றே செய்யப்பட்டவைதாம். பக்கங்கள் தட்டையாக, ஏனைய வண்டிகளைவிட ஏறக்குறைய ஓர் அடி அகலம் குறைந்திருந்தன. நான்கு தலைமுறைக்கு முன் எவரோ சுருட்டிய செங்கல்லின் கணக்கை, அதை அறியாத பயணிகள் நெருங்கி உட்கார்ந்து தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

1986இல் பாதை மின்மயமானபோதுதான் அந்த ஒடுங்கிய வண்டிகள் ஓய்வு பெற்றன. அப்போதும் எவரும் சுரங்கப்பாதைகளை அகலப்படுத்தவில்லை. குறுகியவற்றுள் இரண்டு தண்டவாளப் பாதைகளில் ஒன்றைப் பெயர்த்தெடுத்துவிட்டு, எஞ்சியதை நடுவில் அமைத்தார்கள். வழக்கமான அகலமுள்ள வண்டிகள் இன்று அவ்வழியே செல்கின்றன. ஒன்று உள்ளே இருந்தால் எதிர்வரும் மற்றொன்று வெளியே காத்திருக்க வேண்டும்.