கையுறை தந்தார்கள், விடுப்பு தரவில்லை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, அதன் அறுவை அரங்கைக் கவனித்துக்கொண்ட செவிலியர் கரோலின் ஹாம்ப்டன். கிருமி நீக்கப் பயன்படுத்திய பாதரசக் கரைசல் அவர் கைகளைப் புண்ணாக்கியது. அறுவைப் பிரிவை நடத்திய வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்கென்று மெல்லிய கையுறை செய்வித்தார். இன்று எந்த அறுவை மருத்துவரும் அது இல்லாமல் கத்தியைத் தொடுவதில்லை. 1890-இல் ஹால்ஸ்டெட்டும் கரோலினும் மணந்துகொண்டார்கள். அத்தோடு கரோலின் வேலையை விட்டார். மணமான பெண்ணுக்கு அரங்கில் இடமில்லை என்பது அன்றைய வழக்கம்.

அதே ஹால்ஸ்டெட்தான் அறுவை மருத்துவப் பயிற்சிக்கும் அச்சு வார்த்தவர். பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே குடியிருக்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும். திருமணம் கூடாது என்று சொல்லாமல் சொன்னார்கள். 1904-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், உதவியாளராக ஏறத்தாழ 6 ஆண்டுகள், பிறகு ஹவுஸ் சர்ஜனாக 2 ஆண்டுகள் என்று அந்தத் திட்டத்தை அவரே விளக்கினார். கோபுரம்போல் மேலே போகப் போகக் குறுகும் அமைப்பு அது. கீழே நுழைந்த பலரில் ஓரிருவரே உச்சிக்குப் போனார்கள்.

இதை வகுத்தவரின் நிலைமையையும் சொல்லியாக வேண்டும். கோகெயினை மயக்க மருந்தாகத் தன் உடம்பிலேயே சோதித்து அதற்கு அடிமையானவர் ஹால்ஸ்டெட். அதிலிருந்து மீட்கக் கொடுத்த மார்ஃபினை அதன் பிறகு அவரால் விட முடியவில்லை. சக மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் எழுதிப் பூட்டிவைத்த குறிப்பு 1969-இல் திறக்கப்பட்ட பிறகே உலகுக்கு அது தெரிந்தது. தன் துன்பத்தை ஆயுள் முழுக்க மறைத்தவர் வகுத்த பயிற்சி, மருத்துவர் தன் துன்பத்தை வாய்திறந்து சொல்ல இடம் வைக்காமல் போனதில் வியப்பில்லை.

ஹால்ஸ்டெட் காலத்திலேயே மருத்துவக் கல்லூரிப் படி ஏறப் பெண்களுக்கு இருந்த தடை விலகத் தொடங்கிவிட்டது. 1893-இல் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியே மேரி எலிசபெத் காரெட் என்ற செல்வச் சீமாட்டியின் பணத்தில்தான் திறந்தது; ஆண்களுக்குரிய அதே நிபந்தனையில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டே அவர் பணம் தந்தார். அறுவை அரங்கின் கதை வேறு. பிரிட்டனில் மருத்துவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் 1871-இல் மணமான பிறகும் தொழிலை விடவில்லை. மூன்று பிள்ளைகளைப் பெற்றார், ஒரு மகளைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தார். லண்டனில் பெண்களுக்கென்று தாமே ஒரு மருத்துவமனை நடத்தியதால் அவருக்கு அது வாய்த்தது. பிறர் தயவில் இருந்தவர்களுக்கு வாய்க்கவில்லை. 1921-இல்கூட லண்டனின் செயின்ட் பான்கிராஸ் நகராட்சி, திருமணம் செய்துகொண்டதற்காகவே ஒரு பெண் மருத்துவ அலுவலரை வேலையிலிருந்து நீக்கியது.

வேலையில் நீடித்த தாய்மாருக்கு மனநலம் இன்னொரு சுமை. பிரசவத்தை ஒட்டி மனம் நோயுறும் என்பது மருத்துவத்துக்குப் புதிதல்ல. பாரீசில் லூயி விக்டர் மார்சே 1858-இலேயே கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோரின் மனநோய் பற்றித் தனி நூல் எழுதினார். 1987-இல் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூவரும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலை வெளியிட்டார்கள். கடந்த 7 நாள் மனநிலை பற்றி 10 கேள்விகள். தாயே பதில் எழுதலாம். இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் 2009-இல் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தரும் பிரிவு தொடங்கியது. பிறருக்கு எடின்பரோ கேள்வித்தாளை நீட்டிய மருத்துவர்கள் தாங்கள் அதை நிரப்பத் தயங்கினார்கள். 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிள்ளை பெற்ற 2,106 பெண் மருத்துவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், தமக்கு மனநோய்க்கான அறிகுறிகள் இருந்தும் சிகிச்சைக்குப் போகவில்லை என்றார்கள். பயமும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா என்று உரிமப் படிவத்திலேயே பல மாநிலங்கள் கேட்டன.

பணியிடத்து மாற்றங்கள் பெரும்பாலும் வேறு வாசல் வழியாக வந்தவை. 1978-இல் கர்ப்பத்தைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்றும், 1993-இல் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு உண்டு என்றும் அமெரிக்கா சட்டம் செய்தது. இரண்டும் எல்லாத் தொழிலுக்கும் பொதுவானவை. 2003-இல் பயிற்சி மருத்துவர்களின் வேலை வாரத்துக்கு 80 மணிநேரம் என்று வரையறுக்கப்பட்டதற்கு விதை, 1984-இல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற இளம் நோயாளி இறந்தது. களைத்த மருத்துவரால் நோயாளிக்கு ஆபத்து என்ற வாதம் எடுபட்டது. களைத்த கர்ப்பிணி மருத்துவருக்கே ஆபத்து என்ற வாதம் அன்று மேடையேறவே இல்லை.

அதை மேடையேற்றியவர் பாஸ்டன் அறுவை மருத்துவர் எரிக்கா ரேஞ்சல். 2021-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 692 பெண் அறுவை மருத்துவர்கள் பதிலளித்தார்கள். 42 விழுக்காட்டினர் கருச்சிதைவையோ கருவிலேயே சிசு இழப்பையோ சந்தித்தவர்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் இரு மடங்குக்கும் மேல். இழந்தவர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பேர் அதற்காக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்கு 12 மணிநேரமோ அதற்கு மேலோ அறுவை செய்தவர்களுக்குப் பெரிய சிக்கல்கள் கூடுதலாக வந்தன. துக்கத்தைச் சுமந்தபடி மறுநாள் அரங்குக்குள் நுழைந்தவர்களின் மனநலத்தைத் தனியாக அளக்கவும் வேண்டுமா? அதே ஆண்டு ஜூலையில், பயிற்சிக் காலத்தில் ஒருமுறையாவது, ஆண்டு விடுமுறையைக் கரைக்காமல் 6 வாரம் விடுப்பு எடுக்க வழி வேண்டும் என்ற அமெரிக்க மருத்துவச் சிறப்புத் துறை வாரியங்களின் கூட்டமைப்பின் விதி நடைமுறைக்கு வந்தது. ஹாப்கின்ஸ் திறந்து அப்போது 132 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் நாட்டில் 2017 திருத்தத்துக்குப் பின் மகப்பேறு விடுப்பு 26 வாரம். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் மருத்துவ மேற்படிப்பு மாணவியருக்கும் அரசு விதிப்படி மகப்பேறு விடுப்பு உண்டு என்கின்றன. ஆனால் அனுமதித்த நாட்களைத் தாண்டினால் அத்தனை நாளும் படிப்பு நீளும். ஏழாம் மாதத்தில் இருப்பவருக்கு இரவுப் பணி போடலாமா, அறுவை நேரத்தை எப்படிக் குறைப்பது, பிள்ளை பெற்றுத் திரும்பியவரிடம் அந்த 10 கேள்விகளைக் கேட்பது யார், விடைத்தாள் யார் கண்ணில் படக்கூடாது ஆகியவற்றைத் துறைத் தலைவர்கள் வாய்மொழிச் சலுகையாக வைத்திருக்காமல் பணிப்பட்டியலிலேயே எழுதிவைக்க வேண்டும்.