வீதியும் விட்டுக்கொடுத்தலும்

வீதி எவர்க்கு உரியது? இவ்வினாவுக்கு விடை காண இங்கிலாந்து நெடுங்காலம் தடுமாறியது. 1865ஆம் ஆண்டுச் சட்டம், இயந்திர வண்டியின் முன்னே செங்கொடி தாங்கி ஒருவன் நடத்தல் வேண்டுமென விதித்தது. நகரினுள் வேக எல்லை மணிக்கு 2 மைல். பாதசாரிக்குக் காவல் கிடைத்தது. வண்டியோ நடைக்கும் பிந்தியது.

பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 1930இல் மோட்டார்க் கார்களின் வேக எல்லையே அகற்றப்பட்டது. அதற்கு ஈடாக, 1931இல் ஒரு பென்னி விலையில் வீதி ஒழுங்குக் கைந்நூல் ஒன்றை அரசாங்கம் வெளியிட்டது. சாரதிகட்கு மாத்திரமன்றித் துவிச்சக்கர வண்டி ஓட்டுவோர்க்கும், நடப்போர்க்கும், கால்நடைகளை ஓட்டிச் செல்வோர்க்கும் அது கடமை வகுத்தது. பிறரை எண்ணி ஒழுகுதலே அதன் சாரம்.

அறிவுரை மாத்திரம் போதவில்லை. 1934இல் பிரித்தானிய வீதிகளில் மாண்டோர் 7,343 பேர். ஆதலால் 1935இல் நகர்ப்புறங்களுக்கு 30 மைல் வேக எல்லையும், புதிய சாரதிகட்குக் கட்டாயப் பரீட்சையும் வந்தன. 1951இல் வரிக்குதிரைக் கடவை வந்தது.

எனினும் சட்டம் பாதி வழியே செல்லும். கடவையில் வண்டியை நிறுத்துவது சட்டம். ஓரத்தில் தயங்கி நிற்கும் முதியவரைக் கண்டு முன்னரே வேகத்தைத் தணிப்பது பண்பு. உயிரைக் காக்க இரண்டும் வேண்டும்.