படகில் ஒரு கோடு

பெரியாறு அணையை 1895 அக்டோபரில் திறந்தபோது, உருப்படியாக ஓடும் டீசல் என்ஜின் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ஃப் டீசல் தன் என்ஜினைச் சோதனையில் ஜெயிக்க வைத்தது 1897-ல்தான். அந்த அணை தேக்கிய தேக்கடி ஏரி, அதில் ஓடும் என்ஜினுக்கு இரண்டு வயது மூத்தது. அணையைக் கட்டிய பென்னிகுக்கைப் பற்றிப் பேச எங்கள் கூடலூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. படகின் அடிவயிற்றில் கிடக்கும் என்ஜினைப் பற்றிப் பேசத்தான் ஆள் குறைவு. குமுளிப் பட்டறையில் படகு என்ஜின் வேலை பார்த்தவன் என்பதால் நான் எழுதுகிறேன்.

அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். 1886-ல் போட்ட 999 ஆண்டு குத்தகைப்படி அதைப் பராமரிப்பது தமிழ்நாடு. வல்லக்கடவு வழியாகக் காட்டுப் பாதை உண்டு. ஆனாலும் நம் பொறியாளர்கள் அணைக்குப் போகப் பெரும்பாலும் தண்ணீர்தான் வழி. அவர்கள் போன படகுக்குப் பேர் ‘கண்ணகி’. திருவிதாங்கூர் மகாராஜாவின் இடப்பாளையம் மாளிகைக்கும் படகில்தான் போக வேண்டும். ஆக, நடு ஏரியில் என்ஜின் நின்றால் இறங்கித் தள்ளுவதற்கு இடமில்லை. 1895-ல் மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. ஓட்டம் நின்ற படகைக் காற்று கொண்டுபோய் அவற்றின் மேல்தான் சேர்க்கும்.

என்ஜின் நிற்காமல் காப்பது எண்ணெய். நீராவிக் காலத்தில் அது கண்ணுக்கு முன்னால் சொட்டியது. ஒவ்வொரு பேரிங்குக்கும் மேலே ஒரு பித்தளைக் கிண்ணம், அதிலிருந்து திரி வழியாகச் சொட்டு. கப்பலில் அதை நிரப்பவே ஆயில்மேன், கிரீசர் என்று ஆட்கள் இருந்தார்கள். ஓடுகிற தண்டில் கையை வைத்துச் சூடு பார்ப்பதும் அவர்கள் வேலை. விரல் போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் எலைஜா மெக்காய் என்ற கறுப்பினப் பொறியாளர் 1872-ல் நீராவி என்ஜினுக்குத் தானாக எண்ணெய் விடும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு வந்த மூடிய என்ஜின்களில் எண்ணெய் கீழே சம்ப் என்ற தொட்டியில் போய் ஒளிந்துகொண்டது; பம்ப் அதை மேலே தூக்கியது. எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மிஞ்சியது ஒரு குச்சி, அதில் இரண்டு கோடு.

இந்த இரண்டு கோட்டை நம்பித்தான் புதுசாகப் படகு வேலைக்கு வருபவன் ஏமாறுவான். லாரி என்ஜின் சட்டத்தில் ஏறக்குறைய மட்டமாக உட்காரும். படகில் அப்படி இல்லை. புரொப்பெல்லர் தண்டு பின்னால் சரிந்து தண்ணீருக்குள் இறங்குவதால், பல படகுகளில் என்ஜினும் அதோடு சாய்ந்தே உட்காரும். எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கும். குச்சி முன்னால் இருந்தால் குறைவாகக் காட்டும், பின்னால் இருந்தால் நிறையக் காட்டும். குறைவென்று நினைத்து ஊற்றினால், கிராங்க் எண்ணெயை அடித்து நுரையாக்கும்; நுரையைப் பம்ப் இழுத்தால் பிரஷர் விழும்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த மேஸ்திரி புதுப் படகு வந்தால் குச்சியின் கோட்டைப் பார்க்கவே மாட்டார். “தம்பி, இது லாரிக்காரன் போட்ட கோடு. நம்ம கோட்டை நாமதான் போடணும்” என்பார். சம்ப்பை முழுக்க வடிப்போம். என்ஜின் புத்தகத்தில் சொன்ன லிட்டரை அளந்து ஊற்றுவோம். ஐந்து நிமிஷம் ஓட்டி ஃபில்டர் நிரம்பியதும் நிறுத்துவோம். டீசல் டேங்க் பாதி நிரம்பியிருக்க, படகு தண்ணீரில் மிதக்க, கால் மணி நேரம் காத்திருந்து குச்சியை விடுவோம். ஈரம் நிற்கிற இடத்தில் அரத்தால் ஒரு கீறல். அதுதான் அந்தப் படகின் கோடு. தேக்கடிக் குளிரில் எண்ணெய் கீழே இறங்க நேரமாகும். அதனால் பொழுது விடிந்து ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பார்ப்பதுதான் சரியான அளவு.

குச்சியைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்து இரண்டாம் முறை விட்டு எடுத்தால், அளவு மட்டுமா தெரிகிறது! எண்ணெய் கறுப்பாக இருந்தால் பயமில்லை. 1930-களில் கேட்டர்பில்லர் டீசல் என்ஜின்களில் பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொண்ட தொல்லைக்குப் பிறகு, கரியைக் கழுவித் தனக்குள் வைத்துக்கொள்ளும் எண்ணெய் வந்தது. அந்த வேலையைச் செய்வதால்தான் அது கறுக்கிறது. எண்ணெயைச் சும்மா ‘நாற்பது’ என்று கேட்டு வாங்குவோம். 1911-ல் அமெரிக்க மோட்டார் பொறியாளர்கள் தொடங்கிய, எண்ணெயின் கெட்டித்தன்மைக் கணக்கின் மிச்சம் அது. 1972-ல் இந்தியன் ஆயில் ‘செர்வோ’ கொண்டுவந்தது. என் காலத்தில் கம்பத்துக் கடையில் கேட்டதும் கிடைத்தது அந்த டப்பாதான்.

பயப்பட வேண்டியது அளவு ஏறினால்தான். குறைவதற்கு ஒழுகல், புகை என்று காரணம் தெரியும். யாரும் ஊற்றாமல் எண்ணெய் கூடுகிறதென்றால் உள்ளே வேறெதுவோ வந்துவிட்டது. விரலில் தேய்த்து மோந்து பார்த்து டீசல் வாடை அடித்தால், ஃபீட் பம்ப் டயஃப்ரம் கிழிந்திருக்கும். குச்சியில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். ஆயில் கூலரில் ஓட்டை இருந்தால், ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் அதிகம் என்பதால் எண்ணெய் வெளியே போகும்; நின்றபிறகு தண்ணீர் உள்ளே வரும். ராத்திரி நடப்பதைக் காலையில் குச்சி சொல்லும்.

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக ஒதுங்கியதும் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த விபத்துக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆட்கள் ஒரு பக்கம் ஒதுங்கும்போது என்ஜின் அறையில் இருப்பவனுக்கு அது பிரஷர் முள்ளிலும் தெரியும். எண்ணெய் குறைந்த சம்ப்பில், சாய்ந்த பக்கம் எண்ணெய் ஓடி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும், முள் துடிக்கும்.

இப்போது வருகிற பையன்கள் சிவப்பு விளக்கை நம்புகிறார்கள். விளக்கு காட்டுவது அழுத்தத்தை. எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதை அல்ல. சம்ப்பில் பாதி போன பிறகும் முள் நிமிர்ந்தே நிற்கும். விளக்கு எரியும்போது பேரிங் ஏற்கெனவே உராய ஆரம்பித்திருக்கும்.

ஓடாத படகு இன்னும் மோசம். தமிழ்நாடு வாங்கிய ‘தமிழ் அன்னை’ அனுமதிக்காகத் தேக்கடியில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது பேப்பரில் வந்த செய்தி. எந்த என்ஜினையும் அப்படி நிறுத்தினால், மலைக்குளிரில் உள்ளே ஈரம் வியர்த்து எண்ணெயில் இறங்கும், பேரிங்கில் ஒட்டிய எண்ணெய்ப் படலம் வடிந்துபோகும். குச்சியில் அளவு மட்டும் அச்சு அசலாகச் சரியாக இருக்கும். அப்படிக் கிடந்த என்ஜினை எடுத்தால், மேஸ்திரி முதலில் பழைய எண்ணெயை வடித்துப் புதுசு ஊற்றச் சொல்வார். பிறகு டீசலை அடைத்துவிட்டு, பிரஷர் முள் ஏறும்வரை வெறுமனே சுற்றவிட்ட பிறகுதான் ஸ்டார்ட்.