எண்கும் கயிறும்: சூர் சரோவர் கரடி மீட்பு மையம் - ஒரு வரலாற்று நோக்கு

இந்திய விலங்குகளின் வரலாற்றில் காடும் வேட்டையும் அரண்மனை யானையும் பெற்ற கவனத்தைத் தெருவில் ஆடிய கரடி பெறவில்லை. கயிற்றில் கட்டிக் கரடியை ஆட்டுவிக்கும் வழக்கம் எவ்வாறு முடிவுக்கு வந்தது, மீட்கப்பட்ட விலங்கின் நிலை யாது என்பவற்றை ஆக்ராவை அடுத்த சூர் சரோவர் சரணாலயத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆக்ராவிலிருந்து மதுரா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது கீட்டம் ஏரி. 1991இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2020இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. பார்வையற்ற பக்திக் கவிஞராகிய சூர்தாசர் இதன் அருகில் வாழ்ந்ததாக மரபு கூறும். சரோவரும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. இவ்வளாகத்தினுள் வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பும் உத்தரப்பிரதேச வனத்துறையும் இணைந்து நடத்தும் மீட்பு மையத்திற்கு முதற் கரடிகள் 2002 டிசம்பரில் கொண்டுவரப்பட்டன. அவ்வாறு வந்தவற்றுள் பார்வை இழந்தவை பல என்பதை ஈண்டுக் குறிப்பிடலாம்.

சங்க இலக்கியம் கரடியை 'எண்கு' எனச் சுட்டும். அகநானூறு, நற்றிணை முதலியவற்றில் எண்கு தோன்றுமிடங்களை ஒருசேர நோக்கின், அது பெரும்பாலும் இரை தேடும் நிலையிலேயே காட்டப்பெறுவதை உணரலாம். இரவில் புற்றினை அகழ்கிறது. இருப்பைப் பூவை உண்கிறது. அதாவது வாயும் உகிருமே எண்கின் அடையாளம். விலங்கியலும் இதற்கு அரண் செய்கிறது. இத்தேன்கரடிக்கு மேல்தாடை முன்பற்களுள் இரண்டு இயல்பாகவே இல்லை. அவ்விடைவெளி வழியே கறையானை உறிஞ்சி உண்ணுதற்கேற்ப உதடும் நீண்டுள்ளது. கரடியாட்டம் சிதைத்ததும் இவ்வுறுப்புகளையே. தாயைக் கொன்று கவர்ந்த குட்டியின் முகவாயைக் காய்ச்சிய இரும்பினால் துளைத்துக் கயிறு கோப்பர், கோரைப் பற்களை உடைப்பர், நகங்களை வெட்டுவர். சங்கப் புலவர் எதனைக் கொண்டு எண்கை அறிந்தனரோ அதனை இழந்த விலங்கே வீதியில் ஆடியது.

சிறைப்பட்ட விலங்கின்பால் இரக்கம் அண்மைக் காலத்துச் சிந்தனை எனக் கருதுதல் பொருந்தாது. இதே ஆக்ராவை ஆண்ட ஜஹாங்கீர் (ஆட்சிக்காலம் 1605-1627) தம் நினைவுக்குறிப்பில், குளிர்காலத்தில் தம்மேல் நீரை இறைத்துக்கொண்ட யானைகள் நடுங்குவதைக் கண்டு, அந்நீரை வெதுவெதுப்பாக்குமாறு ஆணையிட்ட செய்தியைப் பதிந்துள்ளார். இணையாக வளர்த்த நாரைகளுக்கு லைலா, மஜ்னூன் எனப் பெயரிட்டு அவற்றின் இனப்பெருக்கத்தையும் உற்றுநோக்கி எழுதியவர் அவர். எனினும் அவ்விரக்கம் தளையைத் தொடவில்லை. நீர் சூடானது, சங்கிலி அவ்வண்ணமே இருந்தது. பின்வந்த விலங்கு நல முயற்சிகள் பலவற்றை அளத்தற்கும் இச்செய்தி உரைகல்லாக அமையும் என்பது என் கருத்து.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இலும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972இலும் இயற்றப்பட்டன. 1998இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்குப் பயிற்றுவிப்பதைத் தடுத்தது. சர்க்கஸ் உரிமையாளர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் அதனை உறுதி செய்தது. ஆயினும் 1990களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 1,200 கரடிகள் தெருக்களில் ஆடிக்கொண்டிருந்தன என்பது மேற்குறித்த அமைப்பின் கணிப்பு. சட்டம் இருந்தும் வழக்கம் நீடித்தமைக்கு இரு காரணங்கள் உள. பறிமுதல் செய்யும் கரடியை வைத்துப் பேண இடமில்லை. கரடியை இழப்பவனுக்கு வேறு பிழைப்பில்லை.

இரண்டாவது காரணமே வரலாற்றில் உரிய இடம் பெறாதது. கரடியாட்டத்தைக் குலத்தொழிலாகக் கொண்ட கலந்தர், நாடோடி வாழ்வுடைய இசுலாமியச் சமூகத்தினர். கலந்தர் எனும் சூஃபித் துறவியர் மரபுடன் இப்பெயர் தொடர்புடையது. கயிற்றின் ஒரு முனையில் கரடியின் காயம் எனின், மறுமுனையில் நிலமும் கல்வியும் அற்ற ஒரு குடும்பம். இக்கூற்றினைக் கொடுமைக்கு வக்காலத்தாகக் கொள்ளலாகாது. கரடியை ஒப்படைத்தோருக்குச் சிறுதொழில் தொடங்க நிதியும் பிள்ளைகளுக்குக் கல்வியும் வழங்கிய பின்னரே வழக்கம் விரைந்து தேய்ந்தது என்பது மெய். 600க்கும் மேற்பட்ட கரடிகள் ஆக்ரா, பன்னேர்கட்டா, போபால், புருலியா ஆகிய இடங்களிலுள்ள மையங்களை வந்தடைந்தன. இறுதிக் கரடி 2009 டிசம்பரில் கர்நாடகத்தில் ஒப்படைக்கப்பட்டது.

எனின் இவை விடுதலை பெற்றனவா? தமிழில் 'சரணாலயம்' என்னும் ஒரு சொல்லே இருவேறு நிலைகளைக் குறிக்க வழங்குகிறது. கீட்டம் ஏரியின் பறவை வேண்டியபோது வந்து வேண்டியபோது செல்வது. வேலிக்குள் வாழும் கரடியோ பல்லும் பார்வையும் இழந்தமையால் காட்டுக்குத் திரும்ப இயலாதது. மனிதரிடையே வாழ்ந்ததால் காசநோய் பற்றியவையும் இவற்றுள் உண்டு. இம்மையத்தைக் காணச் செல்பவர் மர மேடை, கயிற்றுத் தொட்டில், குளிக்கும் குட்டை, தேன் தடவிய கட்டைகள் ஆகியவற்றைக் காண்பர். கூழும் பழமும் வேளை தவறாது கிடைக்கின்றன. இவை அனைத்தும் தேவையே. ஆயினும் தெருவில் ஆடிய கரடிகளுள் சில, கயிறு அறுக்கப்பட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும் நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருக்கும். உடலில் பதிந்துவிட்ட அவ்வசைவை எந்த மருத்துவமும் முற்றாக நீக்கவில்லை.

கலந்தருள் சிலர் இத்தகைய மையங்களிலேயே கரடிகளைப் பேணும் பணியில் அமர்ந்தனர். குட்டியைப் பழக்கிய சொற்கள், கூட்டத்தை அழைத்த பாடல், கரடிக்கு இட்டு வழங்கிய பெயர்கள் ஆகியன அவர்தம் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. சட்ட ஆவணத்திலும் மீட்பு அறிக்கையிலும் இவை இடம்பெறா. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் அம்முதியோரைச் சென்று கேட்டற்கு எஞ்சியுள்ள காலம் மிகக் குறைவு.